ஊசிக்குத் தெரியாத மீன்கொத்தி

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. முதல் கணினி அண்ணியுடையது. இரண்டில் எது அதிகம் வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் கணினி அறிவியல் படித்தவன். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு கணினி இருந்தது. தூசி படியாமல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அந்தத் துணியின் பூப்போட்ட கரையைத்தான் நாங்கள் நன்றாகப் படித்தோம். அங்கிருந்து கிளம்பி வந்து வாங்கிய பட்டம் என்பதால், அதைச் சட்டம் போட்டு அண்ணன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்காவிட்டால் விளக்கைப் போடுவேன்.

அந்த முன்னறையில் பாதி அண்ணியின் தையல் கடை. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வீட்டுக் கதை முழுவதையும் பேசக்கூடியவர் அண்ணி. யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோள் தையலைப் பார்ப்பார். பட்டமளிப்பு அங்கியில் நான் நின்ற போட்டோவைப் பார்த்து, "துணி நல்லாயிருக்கு தம்பி, கழுத்துதான் சரியா உக்காரல" என்றார். அறையின் மறுபாதி அண்ணனின் சைக்கிள் கடைச் சாமான்: டயர், டியூப், மின்சாரக் காற்றுப் பம்பு.

அதற்குள்தான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்தது. திரை, செயலி, நினைவகம் எல்லாம் உண்டு. பிரின்டருக்குப் பதிலாக ஊசிகள். மாதக் கடைசிவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லி விற்பனைக்காரர் கொடுத்திருந்தார். டயர்களைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டே அண்ணன் நிபந்தனை போட்டார்.

"அதுக்குள்ள நிலையா ஒரு வேலை பிடிச்சிட்டா மெஷின் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா அது வெளியே போகும், என் டயரு உள்ள வரும்."

அண்ணி பிடித்தது பெண்கள் ஹேண்ட்பால் அணியின் ஜெர்சிகள். அணியின் சின்னம் மீன்கொத்தி: நீல முதுகு, ஆரஞ்சு வயிறு, கறுப்புக் கண். இது நன்றாக வந்தால் கிளப்பிலுள்ள எல்லா அணிகளின் வேலையும் உங்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார் கோச் மேடம். அன்றிலிருந்து அண்ணி குண்டூசி இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மேடம் போனில் அனுப்பிய படத்தைப் பென் டிரைவில் போட்டு மெஷினில் செருகினோம். மெஷின் கண்டுகொள்ளவில்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லைங்குது தம்பி."

"இருக்கு அண்ணி. ஆனா படமா இருக்கு. படம்னா பொடிப்பொடிக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன கலர்னு ஒரு எண். இந்த மெஷினுக்கு அது வேண்டாம். ஊசி எங்க இறங்கணும், அங்கேருந்து எவ்வளவு தள்ளி மறுபடி இறங்கணும், அதைத்தான் கேக்குது."

"அப்ப அதுக்குப் பறவையே தெரியாதா?"

"தெரியாது."

"உங்க அண்ணன் மாதிரிதான். எங்க போறோம்னு தெரியாது, அடுத்த திருப்பத்தை மட்டும் சொன்னா போதும்."

படத்தைத் தையலாக மாற்றுவதற்குப் பஞ்சிங் என்று பெயர். நண்பனிடம் இரவல் வாங்கிவந்த லேப்டாப்பின் முன் இருவரும் உட்கார்ந்தோம். மவுஸ் என் கையில், உத்தரவு அண்ணியிடமிருந்து. "இறகை மேலேருந்து கீழ இழு. குறுக்கப் போட்டா கோழியாயிடும்." முதுகு, வயிறு, கண் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக முடித்துச் சேமித்தோம். படத்தின் அளவுக்குப் பக்கத்தில் அந்த ஃபைல் கடுகாகத் தெரிந்தது.

"பாதிப் பறவையை விட்டுட்டியா?"

"இல்ல அண்ணி. படம் சும்மா கிடக்கிற வெள்ளை இடத்துக்கும் கணக்கு வச்சிருக்கும். இது ஊசி போற வழியை மட்டும்தான் வச்சிருக்கு."

கழிவுத் துணியில் கறுப்பு நூலால் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். உருவம் அச்சாக வந்தது. அண்ணி உற்சாகமாக நூல் கோன்களை மாட்டினார். முதல் ஊசிக்கு ஆரஞ்சு, அடுத்ததற்கு நீலம், கடைசிக்குக் கறுப்பு. வெளிர் நூல் முந்தி, அடர் நூல் பிந்தி. இல்லாவிட்டால் அடர் நூலின் பஞ்சு ஒட்டி வெளிர் நூல் அழுக்காகிவிடும். தையல் பழகிய நாளிலிருந்து அவர் கை மாறாமல் செய்வது அது. ஜெர்சிக் கட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த மஞ்சள் ஜெர்சியை ஃபிரேமில் பூட்டினார். கோல்கீப்பருடையது. அந்த நிறத்தில் அது ஒன்றுதான்.

மெஷின் ஓடி நின்றது. ஆரஞ்சு முதுகும் நீல வயிறுமாக ஒரு பறவை எங்களைப் பார்த்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதுதான் மீன்கொத்தியா? மீன் இதைக் கொத்தின மாதிரி இருக்கு."

அண்ணி தையலைப் பிரிக்கக் கத்திரியை எடுத்து, மறுபடி கீழே வைத்தார். பிரித்தால் துணியில் ஓட்டை விழும். நான் சேமித்த ஃபைலை லேப்டாப்பில் மறுபடி திறந்தேன். பறவை பச்சையும் ரோஸுமாக வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வகை ஃபைலில் நிறமே கிடையாது. நிறம் மாறவேண்டிய இடத்தில் 'நில், அடுத்த ஊசிக்குப் போ' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். திரையில் தெரிவது கணினி தன் இஷ்டத்துக்குப் பூசிக்கொள்ளும் சாயம்.

"அப்ப கலர் அதோட ஞாபகத்துல இல்ல," என்றார் அண்ணி மெதுவாக. "நான் கோன் மாட்டுற வரிசையிலதான் இருக்கு."

"ஆமா அண்ணி."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன, பட்டதாரி?"

"எனக்கே இப்பதான் தெரியும்."

"நீலத்தை முதல் ஊசிக்கு மாத்துங்க" என்றேன். அடர் நூல் முந்துவதா, கை வராது என்றார் அண்ணி. சரி, கோன் நகரவேண்டாம், பறவையை நகர்த்துவோம் என்று வயிறு முதலிலும் முதுகு அடுத்தும் வருமாறு ஃபைலை மாற்றினேன். அடுத்த ஜெர்சியில் அசல் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது.

நாலைந்து பறவைகள் முடிந்த நேரத்தில், காற்றுப் பம்பைச் செருக இடம் வேண்டுமென்று அண்ணன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அண்ணி போட்ட சத்தத்தில் பம்பே நின்றிருக்கும். மறுபடி செருகியதும், விட்ட தையலிலிருந்து தொடரவா என்று மெஷின் கேட்டது.

"ரெண்டு நினைவகம் இருக்கு அண்ணி. ஒண்ணு கரன்ட் போனா எல்லாத்தையும் மறந்துடும். இன்னொண்ணு மறக்காது. நின்ன இடத்தை அதுல குறிச்சு வச்சிருக்கு."

"முதல் ரகத்துக்குத்தான் நான் கழுத்தை நீட்டியிருக்கேன்" என்றார் அண்ணி, பம்பு பக்கம் பார்த்து.

வேலை முடிந்த அன்று கோச் மேடம் வந்தார், கூடவே நெட்டையாக அந்தக் கோல்கீப்பர் பெண்ணும். அண்ணி எதையும் ஒளிக்கவில்லை. மஞ்சள் ஜெர்சியைத்தான் முதலில் எடுத்து விரித்தார்.

"இது தப்பாயிடுச்சு மேடம். இதே துணி வாங்கி வேற தச்சுத் தந்துடுறேன். மத்ததைப் பாருங்க."

மேடம் ஒவ்வொன்றாக உட்புறம் திருப்பி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோல்கீப்பர் பெண் அதற்குள் மஞ்சள் ஜெர்சியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் கழட்டமாட்டேன் மேடம். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுறப்ப நான் மட்டும் இங்கேயே நிக்கிறேன். என் பறவையும் வேற மாதிரி இருக்கட்டுமே!"

மேடம் சிரித்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. மத்த டீமுக்கும் நீங்களே போடுங்கம்மா. கோல்கீப்பருங்களுக்கு மட்டும் இப்படித் தலைகீழ் கலர். அதுக்குத் தனியா இன்னொரு டிசைன் பண்ணணுமோ?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"ஃபைலைத் தொடவே வேண்டாம் மேடம். ரெண்டு கோனை இடம் மாத்தினாப் போதும்."

"அடர் நூல் முதல்ல வருமே அண்ணி?" என்றேன்.

"கோல்கீப்பருக்காக என் கை வரும்" என்றார்.

அவர்கள் போனதும் அண்ணன் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அப்ப என் டயரை எங்கம்மா மாட்டுறது?"

அண்ணி சுவரை அண்ணாந்து பார்த்தார். குண்டூசி வாயிலிருந்தபடியே சொன்னார்:

"தம்பியோட பட்டத்துக்குக் கீழே ரெண்டு ஆணி அடிச்சுக்குங்க. டயர் எடுக்க வர்றவங்களாவது அதைப் படிக்கட்டும்."