லாண்டுவுக்கு ஒரு நோஞ்சான் பன்றி

ஹினா தன் பன்றியைப் பட்டினி போடுகிறான் என்று சும்பா தீவின் அந்த மேட்டு ஊரில் பேச்சு. போய்ப் பார்த்தால் பாதிதான் உண்மை. அவன் பட்டினிதான் போடுகிறான். பன்றி பெருத்துக்கொண்டே போகிறது.

அவன் அம்மா செத்தபோது எதிர்வீட்டு லாண்டு, ஊர் பார்க்க, விலா எலும்பு தெரியும் ஒரு நோஞ்சான் பன்றியை இழுத்து வந்தான். "உங்கம்மாவுக்கு இது போதும்டா" என்று சிரிக்கவும் செய்தான். சாவுக்குப் பன்றி கொடுத்த வீட்டில் சாவு விழுந்தால் பன்றி திரும்பியாக வேண்டும். லாண்டுவின் கிழட்டு அப்பா செத்ததும் பிணத்தருகே அதே மாதிரி ஒரு நோஞ்சானைக் கட்டி, லாண்டுவின் முகம் கறுப்பதைப் பார்க்க ஹினா மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான். கிழவரோ இன்னும் பாக்குமரம் ஏறுகிறார்.

"இதக் கொழுக்க வச்சு வித்தா நம்ம பொண்ணு நர்ஸுக்குப் படிக்கும்யா" என்றாள் மனைவி கஹி.

"லாண்டு மூஞ்சியப் பாக்காம விக்க மாட்டேன்."

ஒரு காலையில், பன்றிக்குத் திருட்டுத்தனமாகத் தீனி போடும் ஆள் அகப்பட்டது. வேலிக்கு வெளியே நின்று வள்ளிக்கிழங்கு வீசிக்கொண்டிருந்தவர் அந்தக் கிழவரேதான்.

"யோவ் பெருசு, என்னய்யா பண்ற?"

"என் சாவுக்கு வர்ற பன்னிடா. கொஞ்சம் சதையோட வரட்டும்."

கொழுத்த பன்றியால் யாரையும் அவமானப்படுத்த முடியாது. கஹி அதை விற்றாள்; மகள் பஸ் ஏறினாள். ஹினா புதுக் குட்டி ஒன்று பிடித்துவந்து வேலியை உயர்த்திக் கட்டினான். லாண்டுவுக்குத் தர வேண்டிய நோஞ்சான் இன்னும் பாக்கி.