மாப்பிள்ளைத் தோழி

எங்கள் சொந்தத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லோரும் கசின்தான். அவர்களுக்குத் தாளில் வம்சமரம் கீறிக் காட்டிக் காட்டியே எனக்கு அலுத்துப்போய்விட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கையும் அவள் மகளும் தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தையில் உள்ள என் பிளாட்டுக்கு வந்தார்கள். மகள் ஒருவனை விரும்பினாள். அவன் எங்கள் பெரியம்மாவின் மகளுடைய மகன்; அந்த மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பையன் லண்டனில் வளர்ந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவன். சொந்தமென்று தெரியவந்தபோது இரண்டு பேருக்கும் மனம் ஒன்றிப்போயிருந்தது.

மின்சார பில்லின் பின்பக்கத்தில் கீறினேன். மேலே பெரியம்மாவும் அம்மாவும், கூடப் பிறந்தவர்கள். அவர்களின் மகள்மார், அந்த அக்காவும் என் தங்கையும், சகோதரிகள். ஆகவே அவர்களுடைய பிள்ளைகளும் சகோதரங்கள்.

"உனக்கு அவன் அண்ணா முறை, பிள்ளை. கட்டேலாது" என்றேன்.

அவள் என் பெயருக்குக் கீழே விரலை வைத்தாள். அங்கே பள்ளிக்கூடம் போகும் என் மகளின் பெயர்.

"இவளுக்கு அவர் என்ன முறை?"

"மச்சான்."

"அப்ப இவள் கட்டலாம்."

"ஓம்."

"ஒரே ரத்தம்தானே மாமா. அம்மா உங்களுக்குத் தம்பியாப் பிறந்திருந்தால் நானும் கட்டியிருப்பன், என்ன?"

கட்டினால் கட்டட்டும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தங்கை என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் கதைப்பார்கள் என்று பயந்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன. தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்கள்.

விஷயம் எங்களோடு நின்றது. அவனிடம் அவள் என்ன சொல்லி விலகினாளோ, தெரியாது. போன மாதம் அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம். அவனுடைய தாய், அந்த அக்கா, எனக்குத்தான் போன் பண்ணினாள்.

"தம்பி, எனக்குப் பொம்பிளைப் பிள்ளையும் இல்லை, தாலி கட்டேக்க விளக்குப் பிடிக்கிற மாப்பிள்ளைத் தோழிக்கு ஆளும் இல்லை. தங்கச்சியின்ர மகளைக் கேளன். அவனுக்குத் தங்கச்சிதானே."

கேட்டேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள்.

தாலி கட்டும்போது மணமகளுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். என் பிடி கையிலேயே இருந்தது.

சாப்பாடு முடிந்து மண்டப வாசலில் என்னைக் கண்டதும் நின்றாள்.

"தங்கச்சி செய்ய வேண்டியதெல்லாம் சரியாச் செய்தனானோ, மாமா?"