தேசப்பன் வீட்டு முருங்கைக்கீரை

போன வாரம் என் மகள் ஒரு டப்பா வாங்கிவந்தாள். உள்ளே முருங்கையிலைப் பொடி. ஜிம்முக்கு வரும் பெண்கள் எல்லாரும் காலையில் இதைத்தான் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார்களாம். இரும்பு, சுண்ணாம்பு, அந்தச் சத்து, இந்தச் சத்து என்று டப்பாவின் முதுகு முழுக்க எழுதியிருந்தது. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். காய்ந்த இலையின் பச்சை நெடி ஏறியதும் எனக்கு மரம் ஞாபகம் வரவில்லை. மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையமும், அங்கே வந்துகொண்டிருந்த தேசப்பன் என்ற மீனவரும், அவர் மனைவி கன்னியம்மாவும்தான் வந்து நின்றார்கள். "ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க யாராவது உங்க ஜிம்முல இருந்தா, டாக்டரைக் கேக்காம இதைக் குடிக்க வேணாம்னு சொல்லு" என்றேன் மகளிடம். "கீரைதானேம்மா" என்றாள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. படித்துவிட்டு வந்த திமிரும் எதுவும் தெரியாத பயமும் சரிபாதி. நிலையம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, இரண்டு அறை, ஒரு மின்விசிறி, கீழே பஜ்ஜிக் கடை, அவ்வளவுதான். ஸ்பிரிட் வாசனையும் கடலைமாவு பொரிகிற வாசனையும் ஒன்றாகக் கலந்தால்தான் இன்றைக்கும் என் மூக்குக்கு ரத்தப் பரிசோதனை. இப்போதெல்லாம் இயந்திரத்தில் குழாயைச் செருகிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க, உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீர்த் தொட்டிக்குள் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மருந்தை விட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்தி, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வைக்கோல் நிறத் தெளிவுக்குள் திடீரென்று ஒரு மெல்லிய நூல் தெரியும். அந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். கண் இமைத்தால் போச்சு. சரியாக அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து பஜ்ஜிக்காரர், "மேடம், வெங்காயமா வாழக்காயா?" என்று கேட்பார். எத்தனை குழாய்களை மறுபடி முதலிலிருந்து செய்தேனோ தெரியாது.

தேசப்பனின் ஊர் பசியாவரம். பழவேற்காடு ஏரிக்குள் தீவாகக் கிடக்கும் ஊர். படகில் கரைக்கு வந்து, பஸ் மாறி மாறி மீஞ்சூர் வந்து சேர்வதற்குள் மனிதர் வாடிப்போய்விடுவார். நாற்பது வயதுதான் இருக்கும். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட, சென்னையில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். முதல் நாள் நான் என் கைக்கடிகாரத்தைத்தான் காதில் வைத்துப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"படகுல என்கூட வர்றவனுங்கோ இன்னா சொல்றானுங்கோ தெரியுமா பாப்பா? தேசப்பா, அந்தக் கடியாரத்த வூட்ல வெச்சிட்டு வா, இறாலு பயந்துகினு ஓடுதுன்றானுங்கோ."

அந்த மாதிரி வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு. மாத்திரை போதாமல் போனால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அதிகமாகிப் போனால் எங்கே கீறினாலும் நிற்காது. அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து ரத்தம் கொடுப்பார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் எழுதித் தருகிற எண்ணை எடுத்துக்கொண்டு சென்னையில் இதய டாக்டரம்மாவிடம் போவார்கள். அவர் மாத்திரையைக் கூட்டுவார், அல்லது குறைப்பார்.

தேசப்பனின் எண் மட்டும் ஒரு நிலையில் நிற்கவே இல்லை. ஒரு தடவை பாதாளத்தில் இருக்கும். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த தடவை பார்த்தால் எகிறிப்போயிருக்கும். குறைப்பார். மறுபடி பாதாளம். முதலில் பழி என் தலையில்தான் விழுந்தது. நிலைய முதலாளி தொட்டிச் சூட்டைச் சோதித்தார், மருந்தை மாற்றினார், கடைசியில் என் கண்ணையே சந்தேகப்பட்டுக் கண்ணாடி போடச் சொன்னார். நான் என் ரத்தத்தையே எடுத்துச் சோதித்துப் பார்த்தேன், அது ஒழுங்காக இருந்தது. உடனே பழியைத் தூக்கி தேசப்பன் தலையில் போட்டேன். "அண்ணா, மாத்திரைய ஒழுங்காப் போடறீங்களா இல்லையா?" என்று அத்தனை பேர் முன்னால் அதட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கன்னியம்மாதான், "நான்தான் பாப்பா கையில குட்த்து, முழுங்கற வரிக்கும் நின்னு பார்க்கறேன்" என்றார். நான் நம்பவில்லை. என்னைவிட இரண்டு மடங்கு வயதானவரை அப்படிப் பேசியதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கெளுத்தி விவகாரம். வலையில் சிக்கிய கெளுத்தி மீனைப் பிரித்தெடுக்கும்போது அதன் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மற்றவர்கள் என்றால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். தேசப்பனுக்கு அரைநாள் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. படகு பிடித்து, ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: எண் இப்படிக் குதித்துக்கொண்டிருந்தால் இன்றைக்குக் கை, நாளைக்கு மூளை. எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஏரிக்குப் போகவே கூடாது. வராவிட்டால் ஒருநாளும் போகக் கூடாது.

கையில் கட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்திருந்த தேசப்பன் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "வூட்ல குந்திகினு இருக்கறதுக்கா பாப்பா நெஞ்ச அறுத்துகினு வந்தேன்?"

அவர் உட்கார்ந்துவிட்டால் போவது கூலி மட்டும் இல்லை. ஏரியில் இறால் விழும் இடங்களில் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. ஊருக்கு ஊர் முறை, ஊருக்குள் ஆளுக்கு ஆள் முறை. அதற்குப் பாடு என்று பெயர். குடும்பங்கள் பெருகிப்போனதால் ஒருவருக்குப் பாடு வந்து சில நாள் வலை கட்டினார் என்றால், அடுத்தது சுற்றி வர வாரக்கணக்கில் ஆகும். பாடு இருக்கிறவன்தான் அங்கே ஒரு ஆள். ஊர்க்கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடும். பாட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதை தேசப்பனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இனி நான் சொல்லப்போவதில் என் புத்திசாலித்தனம் எதுவும் கிடையாது, வயிறுதான் காரணம். கன்னியம்மா சில தடவை வரும்போது தூக்குப்பாத்திரம் நிறைய இறால் கொண்டுவந்து தருவார். அம்மா அதை மிளகாய்த்தூள் போட்டு வறுப்பார். சில தடவை வெறுங்கையோடு வருவார். வெறுங்கையைப் பார்த்ததும் என் முகம் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பதிவு நோட்டில் தேசப்பனின் பழைய எண்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எகிறியிருந்த எண்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வறுத்த இறால் ஞாபகம் வந்தது. இது பெரிய எண், அன்றைக்கு இறால் வந்தது. இது பாதாளம், அன்றைக்கு வெறுங்கை. விரல் வைத்துக்கொண்டே போனேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாடு வந்த நாட்களில் எண் ஏறுகிறது, பாடு இல்லாத நாட்களில் இறங்குகிறது.

அப்படியானால் சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது. கன்னியம்மாவைக் கேட்டேன். "பாடு இல்லாதப்ப இன்னாக்கா சாப்பிடுவீங்க?"

"மீன் கொழம்புதான். வேற இன்னா துன்னப் போறோம்?"

டாக்டரம்மாவும் ஆரம்பத்திலேயே கீரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "ஏரிக்காரங்க நாங்கோ, கீரைக்கு எங்க போவோம்?" என்று கன்னியம்மா சிரித்திருக்கிறார். டாக்டரம்மாவும் சரியென்று விட்டுவிட்டார்.

கை ஆறாமல் தேசப்பன் அலைய முடியாததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்க நானே பசியாவரம் போனேன். படகில் ஏறும்போது ஒற்றைச் செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு ஒரு காலை விந்தி விந்திப் போய்ச் சேர்ந்தேன். ஊசி குத்திவிட்டுக் கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனால், வேலியோரம் நான்கு முருங்கை மரங்கள். நான்கும் மொட்டை. கிளை இருக்கிறது, ஈர்க்கு இருக்கிறது, இலை மட்டும் இல்லை. உருவிப்போட்ட ஈர்க்குகள் மூலையில் குவிந்து கிடந்தன. அடுப்பில் கேழ்வரகு அடை வெந்துகொண்டிருந்தது. அதிலும் மாவைவிட இலைதான் அதிகம். கன்னியம்மா சட்டென்று வந்து அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார்.

அவராகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வெளிய சொல்லிடாத பாப்பா. பாடு இல்லன்னா ரெண்டு வேளையும் இத்தான். காலைல கூழுக்கு இதக் கடைஞ்சி ஊத்துவேன், சாயங்காலம் அடை. மீன் வாங்கித் துன்ற அளவுக்கு நாங்க இல்ல. ஏரியில குந்திகினு தேசப்பன் வூட்ல கீரை துன்றாங்கோன்னா ஊரு சிரிக்காதா?"

"பக்கத்து வீட்ல என்ன சாப்பிடறாங்க?" என்றேன்.

அவர் அடையைத் திருப்பிப் போட்டார். "அவங்களும் மீன் கொழம்புன்னுதான் சொல்லுவாங்கோ."

பக்கத்து வீட்டு வேலியை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் முருங்கை மொட்டையாகத்தான் நின்றது.

அங்கே நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அந்த மனிதரை மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறவர் போல நடத்தியிருந்தேன். உள்ளே போய், "அண்ணா, தப்பு உங்க மேல இல்ல" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ ஏரிக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

கன்னியம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கோபப்படவே இல்லை. முருங்கை போன்ற கரும்பச்சைக் கீரைகளில் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே நிறைய இருக்கிறது, மாத்திரை எதைத் தடுக்கப் பார்க்கிறதோ அதையே கீரை கொண்டுவந்து கொட்டுகிறது என்று விளக்கினார். கீரை தின்கிற வாரங்களில் மாத்திரை தோற்றது, எண் இறங்கியது, அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார்கள். பிறகு பாடு வந்தது, கீரை நின்றது, கூட்டிய மாத்திரை மட்டும் உடம்பில் இருந்தது. கெளுத்தி முள் குத்தியது அப்படி ஒரு பாட்டு நாளில்தான்.

"அப்போ கீரைய நிறுத்திடறேம்மா" என்றார் கன்னியம்மா.

"வேணாம். அது நல்ல சாப்பாடு. தினமும் ஒரே அளவு கொடுங்க. பாடு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அதுக்குத் தக்க மாத்திரைய நான் வைக்கறேன்."

ஒரே அளவு என்றால் எவ்வளவு என்று கேள்வி வந்தது. ஈர்க்கு நீக்கிய இலை ஒரு பிடி என்று முடிவாயிற்று. யார் பிடி? தேசப்பனின் பிடியில் அரை மரம் போய்விடும். கன்னியம்மா பிடிதான் அளவு என்று டாக்டரம்மா சீட்டிலேயே எழுதிக்கொடுத்தார்.

படிக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கன்னியம்மாவுக்கு அது பெரிய காரியம். பாடு வந்த வாரத்தில், தேசப்பனுக்குப் பதிலாகக் கூட்டாளிகள் வலை கட்டிக் கொண்டுவந்த இறால் வீட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஊர் பார்க்க வேலியில் நின்று கீரை பறிக்க வேண்டும். "இன்னா கன்னியம்மா, பாட்டு நாள்லயும் கீரையா?" என்று கேட்டார்களாம். "மருந்து" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடி நிறையப் பறித்துக்கொண்டு உள்ளே போவாராம். மூன்று மாதத்தில் எண் ஒரு நிலைக்கு வந்தது. கைக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டரம்மா ஏரிக்கு அனுப்பினார். அந்த வாரம் இரண்டு தூக்குப்பாத்திரம் இறால் வந்தது. ஒன்று பஜ்ஜிக்காரருக்கு.

அந்த நிலையம் இப்போது இல்லை, கீழே செல்போன் கடை, மேலே டியூஷன். நான் சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கே ரத்தத்தின் நூலை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. சில மாதங்களுக்கு முன்பு காத்திருப்போர் கூடத்தைக் கடக்கும்போது, "பாப்பா" என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்த என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? தேசப்பனும் கன்னியம்மாவும்தான். கட்டிப்பிடித்துக்கொண்டோம். டிக் டிக் கேட்டது.

மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரை, அன்றைக்கு டாக்டரம்மா வைத்ததைப் போல இரண்டு மடங்கு ஆகியிருந்தது. ஒரேயடியாக இல்லை, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது.

"அக்கா, அந்த ஒரு பிடி?" என்றேன்.

"ஒரு பிடியா?" கன்னியம்மா சிரித்தார். "கடலு ஏரிக்குள்ள வர்ற முகத்துவாரம் மண்ணு மூடித் தூர்ந்து தூர்ந்து போவுது, இறாலே உள்ள வர்றதில்ல பாப்பா. பாடு வருது, வலை கட்றாங்கோ, வெறும் வலையத் தூக்கிகினு வர்றாங்கோ. இப்போ பாடு இருந்தாலும் கீரைதான், இல்லாட்டியும் கீரைதான். இங்க இருக்கற டாக்டருக்கும் தெரியும், நானே சொல்லிட்டேன். அதுக்குத் தக்கதான் மாத்திர வெச்சிருக்காரு."

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னார். வரிசையில் பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பி, "எங்க வேலியில எலையே இல்லக்கா. உங்க வூட்ல இருந்தா ரெண்டு கிளை குடு" என்று கேட்டாள்.