நோட்டில் ஒரு கட்டம்: கா.சொ.

ஈர மண்ணோடு பிடுங்கின மல்லாட்டைச் செடியின் வாசனை... நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். எண்பதுகளில் என் முதல் வேலை அந்த வாசனையில்தான் ஆரம்பித்தது.

திண்டிவனம் பக்கம் ஒரு அரசு ஆராய்ச்சிப் பண்ணை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போவேன். ஃபீல்ட் அசிஸ்டென்ட் என்று பேர்தான் பெரிசு... விஞ்ஞானிகள் சொல்வதை நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். செடி பிடுங்கி, காய் ஆயும் பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புதிதாக வந்த அதிகாரி, நோட்டில் இன்னொரு கட்டம் போடச் சொன்னார். "வேலை செய்றவங்க என்ன சொல்றாங்களோ, அதையும் எழுதும்மா."

ஆபீஸே சிரித்தது. அறுவடை வரைக்கும் அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடந்தது.

அந்த அறுவடையில் அதிகாரியின் புது மல்லாட்டை ரகமும் இருந்தது. முன்பிருந்த பண்ணையில் பல வருஷம் பாடுபட்டு அவரே உருவாக்கியது. எடையில் அதுதான் முதல். இந்த முறை தேறினால் விவசாயிகள் கைக்குப் போய்விடும்.

அந்த ரகத்தில் காய் ஆய்ந்துகொண்டிருந்த காசியம்மா என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

"இதுக்குக் காம்பு வலு இல்லம்மா. இழுத்தா பாதிக் காயி மண்ணுலயே நின்னுடுது. நாங்க களைக்கொட்டு வெச்சி நோண்டி எடுத்துக்கினு இருக்கோம். வெளிய எவன் நோண்டுவான்?"

எழுதினால் அதிகாரியின் ரகம் போச்சு... இந்த அம்மாவின் வேலையும் போகலாம்.

"எழுதிக்கோம்மா. கேட்டாங்க, சொல்றேன்."

முழுப் பேர் எழுதப் பயந்து, கட்டத்தின் தலைப்பில் 'கா.சொ.' என்று போட்டேன். காசியம்மா சொன்னது.

அதிகாரி படித்தார். நேராக வயலுக்குப் போய், தானே பத்துச் செடி பிடுங்கினார். பிறகு மண்டியிட்டு மண்ணைத் துழாவினார். இரண்டு கை நிறையக் காய். 'கா.' யார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு காசியம்மாவிடம் போனார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. அடுத்த தடவை செடி தேர்ந்தெடுக்க நீங்களும் வாங்க."

அந்த ரகத்தை அவரே நிறுத்தினார். அன்றைக்கு அந்த மனுஷன்மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

மறுவருஷம் அச்சடித்த நோட்டு வந்தது. பிரஸ்காரர் 'கா.சொ.'வையும் அப்படியே அடித்திருந்தார்... நானும் காசியம்மாவும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

போன மாதம் ஒரு சர்டிபிகேட்டுக்காக அங்கே போனேன். எல்லாம் கம்ப்யூட்டர். திரையில் கடைசிக் கட்டம்... கா.சொ. கண் கலங்கிவிட்டது.

கீழே எல்லா வரியிலும் 'இல்லை' என்றிருந்தது.

"இதுல என்னம்மா போடுவீங்க?" என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"என்னன்னு தெரியல மேடம். காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது... அதான் 'இல்லை'ன்னு போட்டுடுவோம்."

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள்.