ரேகை வைக்காத மீன்காரம்மா

தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் புதிய சர்க்கரை மாத்திரையைச் சோதிக்க ஆள் சேர்த்தார்கள். நான் படித்தவன், அதனால் பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டேன். பக்கத்தில், இரட்டை மூக்குத்தி போட்ட தரங்கம்பாடி மீன்காரம்மா. எழுத்துத் தெரியாதவர். பக்கத்துக்கு ஒரு விரலாக மடக்கி, டாக்டரை முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதாம்மா. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது,” என்றார் டாக்டர்.

“சரிங்க. மாத்திரை எனக்கு நல்லா கேட்டுச்சுன்னா, சோதனை முடிஞ்சப்புறமும் குடுப்பீங்களா?”

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். “அதைக் கம்பெனிதாம்மா முடிவு பண்ணணும்.”

“பண்ணட்டுங்க. அப்புறமா வந்து ரேகை வைக்கிறேன்.” எழுந்து போய்விட்டார்.

எனக்கு இப்போது சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. சோதனை அடுத்த மாதம் முடிகிறது. அவர் கேட்டதைக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் போகிறேன். “நல்லா இருக்கேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வருகிறேன்.