போனில் ஊட்டிய சாப்பாடு

பதினோரு மாதம் கழித்துப் பத்து நாள் லீவில் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் போன் அடித்தது. பெருநகரத்தில் அவள் வேலை பார்க்கிற வீட்டுக்காரர்.

"நல்லபடியா போய்ச் சேந்தியாம்மா?"

பரவாயில்லையே, அக்கறையாக விசாரிக்கிறாரே என்று அவள் மனம் குளிர்ந்தது. அதே மூச்சில் அவர் சொன்னார்: "அப்பா வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு. வீடியோல வந்து ஒரு அதட்டு போடேன்."

அந்த அப்பா ஒரு காலத்தில் பெரிய ஆபீசில் இருநூறு பேரை நடுங்க வைத்தவராம். இடது பக்கம் செயலிழந்து இப்போது படுத்த படுக்கை. அவரைப் புரட்டுவது, துடைப்பது, முகம் மழிப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். கெஞ்சினால் மசிய மாட்டார். "என்ன ஐயா, வாய்க்குப் பூட்டா? சாவி எங்க?" என்று அதட்டினால்தான் உதடு பிரியும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு வேளையும் அவள் முகத்தில்தான் துப்பினார்.

போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து அதட்டினாள். ஐயா வாயைத் திறந்தார். போதாதா! அன்றிலிருந்து காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஏழு என்று போன் தவறாமல் அடித்தது. அவள் வீட்டில் எல்லாரும் தட்டின் முன் உட்காரும் நேரமும் அதுதான். அவள் "முழுங்குங்க!" என்று கத்த, பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிற அவள் புருஷன் இங்கே மென்றும் மெல்லாமலும் விழுங்கினான்.

"அவருக்குக் கெடைக்கிற திட்டுல பாதி எனக்குக் கெடச்சிருந்தா நானும் ஒரு சுத்து பெருத்திருப்பேன்" என்றான்.

ஒரு மதியம் அவன் கண்ணயர்ந்திருக்க, அவள் கை பழக்கத்தில் அவனை ஒருக்களித்துப் புரட்டி முதுகுக்கு ஒரு தலையணையும் செருகியது. அவன் அலறி எழுந்தான். "ஏய், எனக்குக் கை கால் நல்லாத்தான்டி இருக்கு!"

ஒன்பது வயது மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளிடம் அம்மாவுக்குச் சொல்லப் பதினோரு மாதக் கதை இருந்தது. சுவாரசியமான இடம் வரும்போதெல்லாம் போன் அடித்தது.

நான்காம் நாள் பகல் ஒரு மணிக்கு வீட்டுக்காரர் வேறு மாதிரி ஆரம்பித்தார். "நாளைக்கு உனக்கு டிக்கெட் போட்டாச்சும்மா, கெளம்பி வந்துடு. மிச்ச லீவ அப்பறமா எடுத்துக்கோ. நாங்க வெளியூர் போறோம். பசங்களுக்கும் லீவு பாரு. வருஷத்துல இந்த ஒரு தடவதான் குடும்பமா ஒண்ணா இருக்க முடியுது."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார்."

அந்தப் பதில் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. "நீ இல்லாம அவர் பட்டினி கெடப்பாரும்மா. உனக்கு மனசாட்சி இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மலஜலம் அள்ளிய கையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பெற்ற அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியாதவருக்கு வேலைக்காரியின் மனசாட்சி மட்டும் ஞாபகம் வருகிறதா?

"போன அந்தப் பக்கம் வெச்சிட்டு நீங்களே அதட்டுங்க சார்."

"எனக்கு அதெல்லாம் வராதும்மா. அப்பாவப் போய் எப்படி..."

"ஒரு கண்ணாடிக் கிண்ணம் ஒடைஞ்சதுக்கு என்னை அதட்டுனீங்களே, மாடி வீட்டுக்கெல்லாம் கேட்டுச்சு. அதுல பாதி போதும்."

புருஷன் சாப்பிடுவதை நிறுத்தினான். போனில் ஸ்பூன் தட்டில் உரசும் சத்தம் கேட்டது. "அப்பா... கொஞ்சம் வாயத் தெறங்களேன்" என்று ஒரு கெஞ்சல். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கண் மட்டும் மெல்லத் திரும்பிப் போனைத் தேடியது.

அதட்டல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, உன்னத்தான் தேடுறாரு. வரலேன்னா நாங்க வேற ஆள் பாத்துக்க வேண்டியதுதான்."

"பாருங்க சார். வர்ற ஆள்கிட்ட ரெண்டு மாசம் மூஞ்சில துப்பு வாங்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, எனக்குத்தான் யாரும் சொல்லல. நான் சொன்ன தேதிக்கு வருவேன், இடம் இருந்தா வேலை பாக்குறேன். இப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க."

போனை அணைத்து அலமாரியில், துணிகளுக்கு அடியில் தள்ளினாள். ஐயா சாப்பிட்டாரா இல்லையா என்று தன் வீட்டில் இருக்கும்போதும் தன்னைத் தவிக்க விட்டார்களே, அதுதான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"உக்காரு! கதையச் சொல்லு!" என்றாள் மகளிடம்.

"எம்மேல கோவமாம்மா?"

"உம்மேல எனக்கென்னடி கோவம்!"

"அப்ப ஏன் கத்துற? நான் பக்கத்துலதான இருக்கேன்."

இன்னும் ஆறு நாள் இருந்தது. கோபம் ஆறவே அதில் ஒரு நாள் போய்விடும் போலிருந்தது அவளுக்கு.