சிஸ்டரும் ஆரஞ்சு வில்லையும்

"இது இல்லன்னா யாரு சாவாங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

ரேடார் படம் போட்ட அட்டையை அப்போதுதான் அவர் முன்னால் வைத்திருந்தேன். படகுச் சாமான் விற்கும் கடை எங்களுடையது. வருகிறவர்களுக்குக் கருவிகளைக் காட்டுவதும், ஆங்கிலத்தில் வரும் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. விலை கேட்பார்கள், உத்தரவாதம் எத்தனை வருடம் என்பார்கள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் சாக மாட்டார்கள், மூடுபனியில் எதிரே வருவது தெரியாது, அவ்வளவுதான் என்றேன். மூடுபனி என்றால் அன்றைக்குக் கயிற்றையே அவிழ்க்க மாட்டேன் என்றார். அவருடைய நோட்டில் ரேடார் என்ற சொல்லின்மேல் ஒரு கோடு விழுந்தது.

அடுத்து, தானே சுக்கான் பிடிக்கும் கருவி. "அதுக்கு ஆள் இருக்கு." கோடு. காற்றின் வேகத்தைக் காட்டுவது. "கன்னத்துல பட்டாத் தெரியாதா?" கோடு. வரைபடத்தைப் பெரிய திரையில் காட்டும் கருவியின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். விலைச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாம் இருக்கும் இடம் அதில் புள்ளியாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அதே புள்ளி சின்னக் கருவியில் தெரியுமா? கைக்கு அடக்கமான கருவியில் வெறும் எண்ணாகத்தான் வரும், காகித வரைபடத்தில் நாமே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"முப்பத்தாறு வருஷம் காய்ச்சல் அட்டையில புள்ளி வெச்சவ கண்ணு நான். எண்ணைக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பெரிய திரைக்கும் கோடு விழுந்தது. ரேடியோவுக்கும் ஆழம் பார்க்கும் கருவிக்கும் பக்கத்தில் சரி போட்டுக்கொண்டார். மீன் கூட்டம் காட்டும் கருவியே ஆழத்தையும் காட்டும், விலை பாதிதான் என்று முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அப்ப அதையே குடுங்க. மீனைப் பாத்தா சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போறேன்" என்றார் சிஸ்டர். முதலாளி சிரித்துவிட்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

நோட்டை மூடி, பேனாவை மூடி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, ஏதோ வழி கேட்பதுபோலக் கேட்டார்: "ஆள் தண்ணியில விழுந்தா சத்தம் போடுற மிஷின் ஒண்ணு இருக்காமே?"

எடுத்துக் காட்டினேன். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை. அதோடு சேர்ந்த ஒரு பெட்டி படகின் அறைக்குள் இருக்கும். வில்லை படகில் இருக்கும்வரை பெட்டியில் பச்சை விளக்கு எரியும். வில்லை தண்ணீரில் விழுந்தாலோ படகைவிட்டுத் தூரம் போனாலோ பெட்டி அலறும். விலை அவர் சரி போட்டிருந்த இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். இதற்கு மட்டும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாம்பல் நிறம், ஆரஞ்சு நிறம் இரண்டு இருக்கின்றன, எது வேண்டும் என்றேன்.

"ஆரஞ்சு. எடுப்பா இருக்கும்."

அதன் பிறகு இரண்டு மாதம் சனிக்கிழமை தோறும் பத்து மணிக்கு வந்தார். ஒவ்வொரு கருவியாக வாங்கினார். ஓய்வுபெற்றபோது கையில் வந்ததில் பாதி வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது, மிச்சம் இருப்பது இதற்குத்தான் என்று ஒருமுறை சொன்னார். மெலிந்த உருவம். நரைத்த முடியை இழுத்து வாரி, பின்னால் ஊசி குத்திச் சின்னதாக முடிந்திருப்பார். ரவிக்கையின் இடப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் வட்டக் கடிகாரம் ஒன்று, பணியில் இருந்த காலத்தது. குனிந்து பார்த்தால் அவருக்கு மட்டும் நேராகத் தெரியும். கடைக்குள் நுழைந்ததும் என் மேசையைக் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் பையை வைப்பார். நான் காலையிலேயே துடைத்திருப்பேன். அது அவருக்குக் கணக்கில்லை.

எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் அதை அலற வைத்துப் பார்ப்பார். அலறும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வார்டில் எந்தச் சத்தம் எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்று தூக்கத்திலேயே சொல்லியிருக்கிறாராம். "சத்தம் போடுற பேஷண்ட் பொழச்சுக்குவான் கண்ணு. போடாம கெடக்கறவனத்தான் மொதல்ல போய்ப் பாக்கணும்" என்பார். மின்கலம் தீர்ந்தால் "டிரிப் எறங்கிடுச்சு" என்பார். நான் எழுதிக் கொடுத்த கையேட்டில் "எச்சரிக்கை" என்று வரும் பத்திகளை மட்டும் கத்தரித்து ஒரு காகிதத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் விளம்பரமாம்.

படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். எல்லோரும் கேப்டன் என்று அழைப்பது அவருடைய கணவரை. பயணிகளை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றிச் செல்லும் படகை முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவர். ஒரே தண்ணீரில் போய்ப் போய் வந்த சலிப்பில், பணி முடியும் வருடம் ஒரு பழைய படகை வாங்கினார். இரண்டு பேர் படுக்க ஓர் அறை, சின்ன அடுப்பு, ஒரு கை கழுவும் தொட்டி. கரையோரமாகவே தெற்கே போவது, கண்ட சின்னத் துறைகளில் எல்லாம் கட்டிப்போட்டுத் தூங்குவது, திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் யோசிப்பது. இதுதான் திட்டம். சிஸ்டரும் ஓய்வுபெறட்டும் என்று மூன்று வருடம் காத்திருந்தார்கள். மூன்றாவது வருடத்தில் கேப்டனுக்கு மறதி தொடங்கியது.

கருவிகளைப் பொருத்தும் மெக்கானிக்கோடு ஒருநாள் நானும் படகுக்குப் போனேன். எங்கு பார்த்தாலும் மருத்துவமனைப் பிளாஸ்திரி. ஒவ்வொரு பொத்தானின் கீழும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, நீல மையில் எழுதியிருந்தார் சிஸ்டர். தண்ணீர் பம்பு. உள் விளக்கு. வெளி விளக்கு. ஒரு பொத்தானின் கீழ் "தயவுசெய்து இதைத் தொடாதீர்கள்" என்று இருந்தது. தொட்டால் என்ன ஆகும் என்று மெக்கானிக் கேட்டார். "எனக்கும் தெரியல, அதான்" என்றார் சிஸ்டர்.

கேப்டன் சுக்கானுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஆரஞ்சு வில்லை. எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "சீட்டு வாங்கிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

சிஸ்டர் கடிகாரத்துக்குப் பின்னால் குத்தியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் ஒரு பழைய படகுச் சீட்டு. கேப்டன் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உட்காருங்கள், கிளம்ப நேரமாகும் என்றார். அவருக்கு மனைவி என்று ஒருத்தி இருப்பது நினைவிருக்கிறது. அவள் பணிக்குப் போயிருக்கிறாள். எதிரில் நிற்பது பயணி.

"ஏய், இங்க வாடின்னு முப்பத்தொம்பது வருஷம் கூப்பிட்ட மனுஷன்" என்றார் சிஸ்டர், உறையைத் திரும்பக் குத்திக்கொண்டே. "இப்ப வாங்க, உக்காருங்கன்னு ஒரே மரியாதை. யாருக்கு வேணும் இந்த மரியாதை?"

படகை எடுக்கவும் கட்டவும் ஒரு வருடமாகப் பழகியிருக்கிறார். இயந்திரத்தைக் கிளப்பிக் கயிற்றை அவிழ்த்துக் கேப்டனின் கையைச் சுக்கானில் வைத்துவிட்டால் போதும், கை தானாக வழியைப் பிடித்துக்கொள்கிறது. பேச்சில் தடுமாறுகிறவர் தண்ணீரில் தடுமாறுவதில்லை. ஆனாலும் சிஸ்டர் பக்கத்திலேயே நின்று கருவியையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கையை நம்பினாலும் கண்ணை எடுக்க மாட்டார்.

நகருக்கு வெளியே ஞாபகம் தப்பியவர்களுக்கான இல்லம் ஒன்றில் கேப்டனுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "வீட்ட விட்டு ராத்திரி பகல்னு பாக்காம எறங்கிப் போறாரு. நானும் தூங்கணுமில்ல" என்றார், நான் ஏதும் கேட்காதபோதே. அதற்குள் அந்த ஒரு பயணம். மூன்று வாரம். படகை விற்றுவிடு, அப்பாவை வைத்துக்கொண்டு கடலில் என்ன வேலை என்று வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் சத்தம் போட்டானாம். சத்தம் போடுகிறவன் பிழைத்துக்கொள்வான் என்று இவர் வைத்துவிட்டார்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. திங்கட்கிழமை. சிஸ்டர் திங்கட்கிழமைகளில் வருகிறவர் அல்ல. அன்று மேசையைத் துடைக்கவும் இல்லை. ஆரஞ்சு வில்லையை அதன் கயிற்றோடு மேசைமேல் வைத்தார்.

வேலை செய்யவில்லையா என்று முதலாளி கேட்டார்.

"நல்லா வேல செய்யுது. மிஷின் பொய் சொல்லல. வில்லை படகுலதான் இருந்துச்சு."

முந்தின நாள் படகு துறையில் கட்டிக் கிடந்தது. சிஸ்டர் அறைக்குள் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார், கேப்டன் மேலே உட்கார்ந்திருந்தார். மூன்று முறை பெட்டியைத் திரும்பிப் பார்த்தாராம். மூன்று முறையும் பச்சை. வெளியே வந்தால் இருக்கை காலி. அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியில் ஆரஞ்சு வில்லை ஆடிக்கொண்டிருந்தது.

நாலு மணி நேரம் தேடினார். கடைசியில் பயணிப் படகு அலுவலகத்தில் இருந்தார் கேப்டன். பணிக்கு வந்தவர்கள் கையெழுத்திடும் வரிசையில், ஒரு காலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் யாரென்று தெரியாத புதிய எழுத்தர் வீட்டுக்குப் போங்கள் பெரியவரே என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் கேப்டன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றிருக்கிறார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு படகின் சாவி. தண்ணீரில் விழுந்தால் மிதப்பதற்காக ஒவ்வொரு சாவியிலும் கோத்திருந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டை.

"பணி முடிஞ்சா சாவியக் கொக்கியில மாட்டாம எறங்கக் கூடாது. அதான் அங்க சட்டம். அந்தச் சாவி ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்ல, எனக்கு நெறம் எப்படித் தெரியும்?" என்றார் சிஸ்டர். சற்று நேரம் கழித்து, "நாடி பாக்க விரல்ல மாட்டுன கிளிப்பக் கழட்டிப் போர்வையில மாட்டிட்டு எந்திரிச்சுப் போன பேஷண்ட்டெல்லாம் பாத்தவ நான். எனக்கே தோணல பாரு" என்றார்.

முதலாளி சாம்பல் நிற வில்லை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கயிறு வேண்டாம், சட்டையின் உள்பக்கம் வைத்துத் தைத்துவிடுங்கள், கண்ணில் படாது என்றார். சிஸ்டர் வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. வில்லை அலறுவது ஆள் இறங்கிய பிறகுதானே என்றார். அவருக்கு வேண்டியது இறங்காமல் இருப்பது.

அவர்கள் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. துறையில் அந்த இடம் காலியாக இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏதோ ஒரு சின்னத் துறையிலிருந்து கடைக்குத் தொலைபேசி வரும். ஆழம் காட்டும் கருவியில் மீன் தெரிந்ததாகவும் சௌக்கியம் விசாரித்ததாகவும் முதலாளியிடம் சொல்லச் சொல்வார் சிஸ்டர். கேப்டனைப் பற்றி நான் கேட்டால், "இருக்காரு. படகுலதான் இருக்காரு" என்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து சிஸ்டர் வந்திருந்தார். அன்று காலையிலும் கேப்டன் இறங்கப் பார்த்தாராம். ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டார். சிஸ்டர் கூப்பிட்டது காதில் ஏறவில்லை. பயணிகள் ஆயிரம் சொல்வார்கள். அந்த நேரம் ரேடியோவில் துறைமுகத்துக்காரர் யாரோ எந்தப் படகுக்கோ, இருக்கும் இடத்திலேயே காத்திருக்கும்படி சொன்னார். கேப்டன் வைத்த காலை எடுத்துவிட்டார். திரும்பி வந்து சுக்கானுக்குப் பின்னால் உட்கார்ந்து, துறைமுகம் சொன்னால் சொன்னதுதான் என்று சிஸ்டருக்கு விளக்கமும் சொன்னார்.

சிஸ்டர் தன் கைபேசியை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு வைத்தார். ரேடியோவுக்குப் பின்னால் இதை வைத்துவிடப் போகிறாராம். என் குரலைக் கேப்டனுக்குத் தெரியாது, ரேடியோவில் பேசும் ஆங்கிலமும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை பேசிப் பதிந்து கொடுத்தால் போதும் என்றார்.

"கேப்டன்னு கூப்பிட்டுச் சொல்லு. எறங்க அனுமதி இல்ல, கப்பல்லயே இருங்கன்னு சொல்லு. அதட்டாத. கெஞ்சவும் கெஞ்சாத, துறைமுகம் கெஞ்சாது." பொத்தானை அழுத்தப் போன விரல் நின்றது. "கடைசியில ஒண்ணு சேத்துக்க கண்ணு. உங்கள நம்பி ஒரு பயணி வந்திருக்காங்கன்னு சொல்லு."

பொத்தானை அழுத்தினார். கைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் மூச்சும் அதில் விழுந்துவிடாதபடி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.